கட்டுத்துணியும் கரும்பலகையும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். வழி நெடுக மேற்கு மலைத்தொடர் துணையாக வரும். ஓர் ஊருக்கு ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும் பெயர் தேடித் தந்தன. மற்றோர் ஊருக்கு நூற்பாலைகள் பெயர் தேடித் தந்தன. இவை யாவரும் அறிந்த செய்திகள். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிப் பக்கத்துத் தறிகள் நெய்யும் ஒரு பொருளைப் பற்றி மட்டும் நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது சேலையன்று, வேட்டியன்று. புண்ணைக் கட்டும் பேண்டேஜ் துணி. நாட்டின் மருத்துவமனைகள் பலவற்றில் யாரோ ஒருவருடைய காயத்தின்மேல் சுற்றப்படும் மெல்லிய வெள்ளைத் துணி இந்தக் கரிசல் ஓரத்துத் தறியிலிருந்து போனதாக இருக்கலாம்.

உடம்பின் புண்ணுக்குத் துணி நெய்யும் இதே வட்டாரத்தில், நெஞ்சிலே புண்பட்டுக் கடல் கடந்து வந்தவர்களும் வாழ்கிறார்கள். மொட்டமலையில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உண்டு. விருதுநகர் மாவட்டத்தின் வேறு சில ஊர்களிலும் அத்தகைய முகாம்கள் உள்ளன. உடற்காயத்தை ஆற்றும் முறை ஓரளவு தெளிவானது: கழுவு, மருந்திடு, கட்டு, காத்திரு. வீடு எரிவதைக் கண்டவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், இரவோடிரவாகப் படகேறியவர் ஆகியோரின் உள்ளத்துக் காயத்துக்கு எதைக் கொண்டு கட்டுவது? இந்தக் கேள்விக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்பதே என் பேச்சின் பொருள்.

நான் வரலாற்று ஆசிரியனாக இருந்தவன்; மருத்துவனல்லன். ஆகவே நோயின் இலக்கணத்தை விளக்க முற்படவில்லை. துன்பப்பட்ட மக்களுக்கு உதவச் சென்றவர்கள் அவர்களை எந்தக் கண்ணால் பார்த்தார்கள், அந்தப் பார்வையால் விளைந்தது என்ன என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

முதலில், இந்த மக்கள் யார் என்பதை அறிய வேண்டும். அவர்களுள் ஒரு பகுதியினர் நம் மாவட்டங்களிலிருந்தே சென்றவர்களின் வழித்தோன்றல்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாட்டில் வெள்ளையர்கள் காப்பித் தோட்டங்களை அமைத்தபோது, கூலியாட்களைத் தமிழ்நாட்டில் தேடினார்கள். அந்நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த தாலுகா. திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டிச் சென்றனர். மழை பொய்த்த ஆண்டுகளில் அவர்களுக்கு வேலை எளிதாயிற்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தின்போது கடல் கடந்தவர் தொகை பெருகியது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களுள் வழியிலேயே மடிந்தவர் பலர்.

பிற்காலத்தில் மண்டபத்தில் ஒரு முகாம் ஏற்பட்டது. இலங்கைக்குச் செல்லும் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகச் சில நாள் அங்கே நிறுத்தி வைத்து அனுப்புவார்கள். வரலாற்றின் விந்தையைப் பாருங்கள்! யாரை அனுப்புவதற்காக அந்த முகாம் எழுந்ததோ, அவர்களுடைய பேரர்களும் பெயர்த்திகளும் திரும்பி வந்தபோது அவர்களை ஏற்றுக்கொண்டதும் அதே மண்டபம்தான்.

திரும்பி வந்த கதை 1948ஆம் ஆண்டில் தொடங்குகிறது. இலங்கை விடுதலை பெற்ற அந்த ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டத் தமிழர்களுள் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்வதென 1974இல் தீர்மானித்தனர். மனிதர்களை மரக்கால் கொண்டு அளந்த கணக்கு அது.

திரும்பியவர்களுக்கு அரசு உதவாமல் இல்லை, உதவியது. ஆயினும் எவ்வாறு உதவியது என்பதில்தான் பாடம் இருக்கிறது. பெரும்பாலோருக்குச் சிறு வணிகம் தொடங்கக் கடன் வழங்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் அவர்கள். கடை வைத்து அறியாதவர்கள். ஊரும் புதிது, வாடிக்கையும் புதிது. கையிலே பணத்தைக் கொடுத்து ‘வணிகம் செய்’ என்றால் என் செய்வார்கள்? கடன் கரைந்தது, கடையும் மூடப்பட்டது. பலர் கூலி வேலை தேடி ஊர் ஊராக அலைந்தனர். வேறொரு திட்டமும் அதே காலத்தில் நடந்தது. 1968ஆம் ஆண்டளவில் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. தேயிலை அறிந்தவர்களுக்குத் தேயிலை வேலையே தரப்பட்டது. அங்கே வாழ்க்கை எளிதாக இருந்தது என்று நான் கூறமாட்டேன். குளிரும் குறைந்த கூலியும் இருந்தன. ஆனால் அங்கே சென்றவர் தம் கைத்திறன் செல்லுபடியாகும் ஓரிடத்துக்குச் சென்றனர். கொழுந்து பறிக்கும் விரல் அங்கே மதிப்புடைய விரலாக இருந்தது.

இரண்டு திட்டங்களையும் வகுத்தவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்களே. ஒன்று, ‘இவர்களிடம் ஒன்றும் இல்லை, நாம் கொடுப்போம்’ என்று எண்ணியது. மற்றொன்று, அறிந்தோ அறியாமலோ, ‘இவர்களிடம் என்ன இருக்கிறது?’ என்று கேட்டது.

பின்னர் 1983ஆம் ஆண்டு ஜூலை வந்தது. கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்மீது நடந்த வன்செயலுக்கு அஞ்சி மக்கள் படகுகளில் இராமேசுவரம் கரைக்கு வரத் தொடங்கினர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது இரண்டாம் அலையாக ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். 1995க்குப் பிறகும் 2006க்குப் பிறகும் மேலும் பலர் வந்தனர். எல்லாக் காலத்தும் வந்தவர்களைக் கூட்டினால் மூன்று இலட்சத்தைத் தாண்டும். மண்டபத்தில் பதிவு செய்து, நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களுக்கு அவர்களைப் பிரித்து அனுப்பினார்கள். இவ்வாறுதான் நம் பகுதிக்கும் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். பத்தடிக்குப் பத்தடிக் குடிசை, அரசு தரும் உதவித்தொகை, மலிவு விலை அரிசி, ஆட்கணக்கெடுக்கும் நாளில் தவறாமல் முகங்காட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு; இவையே அந்த முகாம் வாழ்க்கை.

1990ஆம் ஆண்டில் நான் கல்லூரி மாணவன். நாங்கள் சிலர் சேர்ந்து பழைய துணிகளைத் திரட்டிக்கொண்டு இப்பகுதி முகாம் ஒன்றுக்குச் சென்றோம். துணியோடு ஒரு படிவத்தையும் அச்சடித்து எடுத்துப் போயிருந்தோம். முறையாகக் கணக்கெடுத்தால் நன்கொடை கேட்க உதவும் என்பது எங்கள் எண்ணம். படிவத்தில் பதினான்கு கேள்விகள். வீடு இழந்தீர்களா? நிலம் இழந்தீர்களா? குடும்பத்தில் இறந்தவர் எத்தனை பேர்? காணாமற் போனவர் எத்தனை பேர்? இன்று அந்தத் தாளைப் பார்த்தால் எனக்கு நாணமாக இருக்கிறது. பதினான்கில் ஒன்றேனும், ‘உங்களுக்கு என்ன தெரியும்?’ என்று கேட்கவில்லை.

நடுத்தர வயதுடைய ஓர் அம்மையாரிடம் நான் ஐந்தாம் கேள்வி வரை வந்துவிட்டேன். அவர் அதுவரை பொறுமையாகவே விடை சொன்னார். பிறகு என் எழுதுகோலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “எத்தினை பேர் வந்து இதையே எழுதுறியள், தம்பி? போனது போனதுதானே. நான் ஊரில பதினொரு வருஷம் பாலர் வகுப்பு ரீச்சர். இஞ்சை பிள்ளையள் எல்லாம் சும்மா திரியுதுகள். ஒரு கரும்பலகையும் கொஞ்ச வெண்கட்டியும் எடுத்துத் தர ஏலுமோ?”

வெண்கட்டி என்றால் என்னவென்று எங்களுக்கு விளங்கவில்லை. கற்பூரமோ என்று என் நண்பன் மெல்லக் கேட்டான். சாக்பீசைத்தான் சொல்கிறார் என்று தெரிந்ததும் எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்த அம்மையாரும் சிரித்தார். மறு வாரம் ஒரு பழைய கரும்பலகையைத் தேடிப் பிடித்து, மிதிவண்டியின் பின்னே கட்டி எடுத்துச் சென்றேன். ஒரு வேப்பமரத்தில் அதனைச் சாய்த்து வைத்தார். அன்று மாலையே முப்பது பிள்ளைகள் தரையில் அமர்ந்தார்கள். பெயரைக் கூடச் சொல்லாமல் குனிந்திருந்த அம்மையார், அந்தக் கரும்பலகை முன் நின்றபோது வேறொரு பெண்ணாகத் தோன்றினார். குரலே மாறிவிட்டது. பிள்ளைகள் மட்டுமல்ல, குடிசைகளிலிருந்த பெரியவர்களும் அவரை ‘ரீச்சர்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். ‘அகதி’ என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்ட ஒருவருக்குத் தம் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது.

அதனால் அவர் புண் ஆறிவிட்டதென்று நான் சொல்ல வரவில்லை. வானத்தில் விமானம் போனால் பாடத்தை நிறுத்திவிடுவார். அது கடந்து போகும் வரை கையிலுள்ள வெண்கட்டியை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். இரண்டும் உண்மை. அவர் நடுங்கினார் என்பதும் உண்மை. அவர் கற்பித்தார் என்பதும் உண்மை. உதவச் செல்பவர்கள் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றை மட்டுமே காண்கிறார்கள்.

நாங்கள் தற்செயலாகக் கண்டதை, முகாம்களில் பலர் முறையாகவே செய்துகொண்டிருந்தார்கள் என்பது பின்னரே எனக்குத் தெரிந்தது. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்னும் அமைப்பு 1984ஆம் ஆண்டு சென்னையில் தோன்றியது. இலங்கைத் தமிழர் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் புதல்வரும் வழக்கறிஞருமான சந்திரகாசன் அதனைத் தொடங்கினார். வந்தவர்களே தமக்குள் தொண்டர்களைத் தேர்ந்து, தம் மக்களுக்குத் தாமே பணிபுரிவது அதன் சிறப்பு. முகாமில் உள்ள பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றினார்கள். படித்த இளைஞர்கள் மாலை வகுப்பு நடத்தினார்கள். துயருற்றவர்களின் சொல்லைக் கேட்டு ஆறுதல் கூறவும், அதே துயரை அறிந்தவர்களுக்கே பயிற்சி தரப்பட்டது. ‘நாங்கள் பெறுபவர்கள் மட்டுமல்லர்’ என்பதை அவர்கள் பேசிக் காட்டவில்லை, செய்து காட்டினார்கள். பொறியியல், மருத்துவம் முதலிய கல்லூரிகளில் ஏதிலி மாணவர்களுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். தமிழ்நாடு அரசும் இசைந்தது. முகாமில் ஒரு பிள்ளை பொறியியல் படிக்கப் போகிறான் என்றால், அதன் ஒளி அடுத்த குடிசைகளிலும் விழுமல்லவா?

அந்த ஒளி ஒருமுறை அணைந்தும் போயிற்று. 1991 மே 21ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்தக் கொடுமைக்குப் பின் முகாம்கள்மீது கடுமையான ஐயப்பார்வை விழுந்தது. கல்விச் சலுகைகள் நிறுத்தப்பட்டன. தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் செல்வது தடுக்கப்பட்டது. பல மாணவர்களின் படிப்பு நடுவழியில் நின்றது. 1996க்குப் பிறகே நிலைமை மெல்லத் தளர்ந்தது. எவனோ செய்த குற்றத்துக்குப் பத்து வயதுப் பிள்ளையின் சிலேட்டு என்ன செய்யும் என்று அந்நாளில் கேட்டவர் சிலரே. வெளியார் நுழைய முடியாத அந்த ஆண்டுகளில் முகாமைத் தாங்கியவர்கள் உள்ளே இருந்தவர்களே. அவர்களிடையே பயிற்சி பெற்ற ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள் என்பதன் பொருள் அப்போது விளங்கியது. வெளியிலிருந்து வரும் உதவி நிறுத்தப்படலாம். மக்களிடமே ஊன்றிய திறமையை எந்த ஆணையாலும் வெளியேற்ற முடியாது.

கடலுக்கு அப்பால், போர் நடந்த மண்ணிலேயே இதே உண்மையைக் கண்டவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். போரின் உளவடுக்களைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1998இல் வெளியாயிற்று. ஆயிரக்கணக்கானோர் நொந்து கிடக்கையில், விரல்விட்டு எண்ணத்தக்க மருத்துவர்கள் தனித்தனியே ஒவ்வொருவரையும் அமர்த்தி மருத்துவம் பார்ப்பது இயலாத செயல். மேலும், காயம்பட்டது தனி மனிதன் மட்டுமன்று. குடும்பம், ஊர், நம்பிக்கை ஆகியவை எல்லாம் சேர்ந்தே காயம்பட்டிருந்தன. எனவே அவர் அந்த மக்களின் மரபிலேயே மருந்தைத் தேடினார். ஆசிரியர்களையும் ஊர்த் தொண்டர்களையும் பயிற்றினார்கள். வழிவழி வந்த செபமும் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் பதறும் நெஞ்சை அமைதிப்படுத்தப் பயன்பட்டன. ஒப்பாரியும் இறுதிச் சடங்கும் துயரத்துக்கு வடிகாலாகும் வழிகள் என்று அவர்கள் உணர்ந்தார்கள்.

இங்கே ஒரு நொடி நிற்க வேண்டும். நம் ஊர்களில் ஒப்பாரி பாடும் கிழவிகளை நாகரிகம் தெரியாதவர்கள் என்று என் தலைமுறையினர் எண்ணி நகைத்ததுண்டு. என் பாட்டியார் இழவு வீட்டுக்குச் சென்று வந்தால் இரண்டு நாள் குரல் கம்மியிருக்கும். அவர் அங்கே செய்துவிட்டு வந்தது எத்தகைய மருத்துவம் என்பதை, யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் ஒருவரின் நூல் வழியாகத்தான் நான் அறிந்துகொள்ள நேர்ந்தது!

மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் இவ்வகையைச் சேர்ந்ததே. போரால் வாடிய தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் அங்கே ஒன்றாகக் கூடி மண்ணைப் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள், நாடகம் ஆடினார்கள். ‘உனக்கு என்ன நேர்ந்தது?’ என்று யாரும் அவர்களைத் துருவிக் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதை அவர்கள் களிமண்ணிலே சொன்னார்கள்.

உலகின் வேறு பகுதிகளிலும் இந்த அறிவு தனித்தனியே முளைத்திருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜேன் ஆடம்ஸ் என்னும் அம்மையார் 1889ஆம் ஆண்டில் தம் தோழி ஒருவரோடு ‘ஹல் ஹவுஸ்’ என்ற இல்லத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்து, மொழி தெரியாமல் சேரிகளில் நெருக்குண்டு வாழ்ந்தவர்களிடையே அவர் குடியிருந்து தொண்டாற்றினார். ஒரு நாள் தெருவில் இத்தாலிய மூதாட்டி ஒருத்தி தக்களி கொண்டு நூல் நூற்பதைக் கண்டார். இவளுடைய பிள்ளைகள் ஆலையில் வேலை செய்கிறார்கள். தாயின் கைத்தொழிலுக்கும் தம் ஆலைக்கும் உள்ள உறவு அவர்களுக்குத் தெரியாது. தாயை ஏதும் அறியாதவள் என்று எண்ணுகிறார்கள். இதை உணர்ந்த ஆடம்ஸ் 1900ஆம் ஆண்டில் ஒரு தொழில் அருங்காட்சியகம் அமைத்தார். அங்கே பல நாட்டு மூதாட்டிகள் பார்வையாளர்களுக்கு முன் அமர்ந்து நூற்றுக் காட்டினார்கள். அவர்களுள் ஒருத்தியின் மகள், தலையில் முக்காடிட்ட நாட்டுப்புறத் தாயோடு காணப்பட வெட்கி, அதுவரை வேறு வாசல் வழியாகவே அந்த இல்லத்துக்கு வருவாளாம். கற்றறிந்த பலர் தன் தாயின் நூற்புத் திறனைச் சூழ நின்று வியப்பதைக் கண்ட பிறகு, தாய் நுழையும் வாசல் வழியாகவே தானும் நுழைந்தாளாம். நூற்பாலை ஊரான இராஜபாளையத்து மாணவர்களுக்கு இதைவிட நெருக்கமான கதையை நான் சொல்ல இயலாது.

1955இல் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்னும் உளவியல் அறிஞரும் அவர் துணைவர்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வறுமையும் குடும்பப் பூசலும் சூழ்ந்து, இவர்கள் கெட்டழிவார்கள் என்று அஞ்சத்தக்க நிலையில் இருந்த குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமும் அன்பும் வாய்ந்த பெரியவர்களாக வளர்ந்தனர். அவர்களுக்கு எது துணைநின்றது? பாட்டியோ ஆசிரியரோ யாரேனும் ஒருவருடைய மாறாத அன்பும், பிறர் தம்மை நம்பி ஒப்படைத்த பொறுப்பும் துணைநின்றவற்றுள் முக்கியமானவை.

பாட்டியின் வளர்ப்பு என்றதும் நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். 1898இல் இராஜபாளையத்தில் பிறந்த பூ. ச. குமாரசாமி ராஜா, பிறந்த சில நாட்களில் தாயையும் மூன்று வயதளவில் தந்தையையும் இழந்தவர்; பாட்டியால் வளர்க்கப்பட்டவர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். பின்னர் ஒரிசாவின் ஆளுநருமானார். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு வழங்கினார். அநாதைச் சிறுவன் என்று ஊர் இரங்கியதோடு நின்றிருந்தால் அவர் எவ்வாறு வளர்ந்திருப்பார் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் இன்னும் பழைய சான்று தருகிறது. துளசித் தோட்டத்தில், ஈன்றவர் யாரென அறியப்படாத குழந்தையாகப் பெரியாழ்வார் கண்டெடுத்தவள் கோதை என்பது குருபரம்பரைக் கதை. இத்தனை நூற்றாண்டுகளாக இந்த ஊர் அவளை எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது? கண்டெடுக்கப்பட்டவளாக அன்று, பாடியவளாக.

1980களின் இறுதியில் அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்துச் சமூகப்பணித் துறையினர் இந்தப் பார்வைக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார்கள். 1992இல் டென்னிஸ் சாலீபி தொகுத்த நூல் அதனைப் பரப்பியது. குறைகளின் பட்டியலோடு ஒரு மனிதரை அணுகாமல், அவரிடத்தும் அவருடைய சூழலிலும் உள்ள ஆற்றலை முதலாகக் கொள்ளவேண்டும் என்பது அதன் சாரம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கடற்கரைகளைச் சூறையாடிய பின், பல நாட்டு உளவியலாளர்கள் தத்தம் முறைகளோடு வந்து குவிந்தார்கள். அவற்றுள் உள்ளூர் மக்களுக்குப் பொருந்தாதவையும் இருந்தன. 2007இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கூடி வெளியிட்ட வழிகாட்டி, அந்தந்த இடத்து மக்களிடம் ஏற்கெனவே உள்ள வளத்தையும் திறமையையும் கொண்டே உதவியைக் கட்ட வேண்டும் என்று வரையறுத்தது. வேப்பமரத்தடியில் எனக்கு ஒரு வாக்கியத்தில் சொல்லப்பட்டது அதுதான்!

மாணவர்களே, இந்தக் கொள்கையில் ஓர் ஆபத்தும் உண்டு. அதனை மறைத்தால் நான் வரலாறு சொன்னவனாக மாட்டேன். ‘இவர்கள் ஆற்றல் மிக்கவர்கள், தாமே எழுந்து நிற்பார்கள்’ என்று சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்க விரும்புவோருக்கும் இது வசதியான சொல். ஆற்றல் உள்ளவனுக்கும் ஒழுகாத கூரை வேண்டும். படித்த பிள்ளைக்கு வேலை வேண்டும். முகாமில் பிறந்து, இங்கேயே பட்டம் பெற்ற இளைஞர்கள் பலர் குடியுரிமை இல்லாமையால் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாதவர்கள். கடவுச்சீட்டும் பெற முடியாதவர்கள். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் குறிப்பிட்ட நாடுகளுள் இலங்கை இல்லை. பட்டதாரி ஒருவன் சுவருக்கு வண்ணம் பூசும் வேலைக்குப் போகிறான் என்றால், அவனிடம் ஆற்றல் குறைந்திருப்பதனால் அன்று. வாசலைப் பூட்டி வைத்துவிட்டு உள்ளே இருப்பவனின் கால் வலிமையைப் புகழ்வதில் பொருளில்லை.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது ஒன்று. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை நீக்கி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று வழங்குவது மற்றொன்று. பெயரை மாற்றினால் வயிறு நிறையுமா என்று சிலர் கேட்டார்கள். வீட்டையும் சேர்த்துக் கொடுத்ததனால் அந்தக் கேள்விக்கு ஒருவாறு விடை இருந்தது. ஆனால் பெயர் சிறிய பொருளென்று நான் எண்ணவில்லை. ‘ரீச்சர்’ என்ற சொல் ஒருவருடைய முதுகை எவ்வாறு நிமிர்த்தியது என்பதைக் கண்டவன் நான்.

அந்த அம்மையாரின் குடும்பம் சில ஆண்டுகளில் வேறு முகாமுக்கு மாறிச் சென்றுவிட்டது. மாலை வகுப்பு நிற்கவில்லை. அவரிடம் எழுத்தறிந்த பெண்ணொருத்தி அதனைத் தொடர்ந்து நடத்தினாள். எங்கள் படிவங்கள் நன்கொடை கேட்கப் பயன்பட்டன. பிறகு கரையானுக்கு இரையாயின. ஒரு தாளை மட்டும் நான் எடுத்து வைத்திருக்கிறேன். ஐந்தாம் கேள்வியோடு அது நின்றுபோயிருக்கும். அன்று இரவு, அவர் சொன்னதை எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆகவே தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்: ‘ஆசிரியை. பாலர் வகுப்பு. பதினொரு ஆண்டு. தேவை: கரும்பலகை ஒன்று, வெண்கட்டி.’